எழுபத்து மூன்றாவது ஊசி

போட்டது எழுபத்திரண்டு. எடுத்தது எழுபத்து மூன்று.

நாத்தனார் நீட்டிய அக்குபங்சர் ஊசித் தட்டை ஊசியம்மா வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று குறைந்தால் தேடலாம். யார் காலிலாவது, எந்த நாற்காலி இடுக்கிலாவது அகப்படும். கூடுதலாக ஒன்று வந்து நின்றால் எங்கே போய்த் தேடுவது?

“மறுபடி எண்ணு” என்றாள்.

“மூணு தடவை எண்ணிட்டேன் அண்ணி. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல எண்ணின கை இது. உங்க நோட்டைப் பாருங்க.”

நோட்டில் பிழையில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் போட்ட கையோடு ஒரு கோடு போடுவது ஊசியம்மாவின் வழக்கம். அண்ணி போடுவாள், ஓய்வுபெற்ற நர்ஸான நாத்தனார் எடுப்பாள். எடுக்கும்போது அவள் ஆளைப் பார்ப்பதில்லை. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தடவி, கைக்குத் தட்டுப்பட்டதை எல்லாம் ஒரே தட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

வேறு நாளாக இருந்தால் இருவரும் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பார்கள். இன்று முன்னறையில் அக்குபங்சர் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

சங்கத்தின் விதி ஒரு நோயாளி, ஓர் அறை, ஒரு மணி நேரம். அதற்கான கட்டணத்தைக் கேட்டாலே பாதிப் பேருக்கு வலி மறந்துபோகும். ஊசியம்மாவும் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் தொழில் செய்தாள். ஒருமுறை மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இரண்டு தடவை வந்தார், முதுகு நிமிர்ந்தது, மூன்றாம் தடவை வரவில்லை. பிறகு சந்தையில் பார்த்தபோது பழையபடி வளைந்து நின்றார். ரெண்டு தடவைக்குத்தாம்மா காசு சேர்ந்தது என்று அவர்தான் மன்னிப்புக் கேட்டார். அன்று ஊசியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் தையல் வகுப்பு நடந்த பழைய கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பத்துச் சாய்வு நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். ஒரே நேரத்தில் பத்துப் பேர். வாசலில் ஒரு பெட்டி. முடிந்ததைப் போடலாம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. சங்கம் வேண்டாவெறுப்பாக ஆறு மாதம் அனுமதி கொடுத்தது. பத்துப் பேருக்குச் சேர்த்துப் போட்டால் ஊசிக் கணக்குத் தவறும் என்பது தலைவரின் ஒரே வாதம். கடைசி நாள் கணக்கை நேரில் பார்க்க வந்திருந்தார். தவறினால் நாளையிலிருந்து கூடத்துக்குப் பூட்டு.

“ஒண்ணைத் தனியா எடுத்து வெச்சுடலாமா?” என்று ஊசியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அதெல்லாம் தன்னிடம் நடக்காது என்று நாத்தனார் ரகசியமாகச் சொன்னாள். அவளுடைய ரகசியம் ஒரு வார்டு முழுக்கக் கேட்கும். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று.

முதலில் கிளம்பியவர் எலக்ட்ரீஷியன். தோளைத் தூக்க முடியாமல் ஏணியை விற்கப் பார்த்தவர், இந்தக் கூடத்தால் மறுபடி ஏணி ஏறுகிறவர். யாரும் தடுக்குமுன் முன்னறைக்குள் போய்விட்டார்.

“சார், அந்த ஒரு ஊசி எனக்குப் போட்டது. நான்தான் கூட ஒண்ணு போடுங்கன்னு கெஞ்சினேன். எழுத விட்டுப்போச்சு.”

கணக்கு நேராகிவிட்டது. தலைவர் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இன்னொரு கதவு வழியாக டீச்சர் நுழைந்தார். லீவு போடக்கூடப் பொய் சொல்லாதவர், அந்தக் கூடுதல் ஊசி தன் நெற்றியில் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பின்னாலேயே பஸ் டிரைவர் தன் இடுப்பைக் காட்டினார். காய்கறிக்காரர் முழங்காலைச் சொன்னார். தையல்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொன்று ஏற்றுக்கொண்டார்கள்.

தலைவர் நிதானமாகக் கூட்டினார். “எழுபத்திரண்டும் ஆறும் எழுபத்தெட்டு. எடுத்தது எழுபத்து மூணு. அப்போ அஞ்சு ஊசி இன்னும் உடம்புலயே இருக்கு.”

கதவைச் சாத்தச் சொன்னார். ஐந்தும் கிடைக்கும்வரை ஒருவரும் போகக்கூடாது. எலக்ட்ரீஷியன் சட்டையைக் கழற்றினார். டிரைவர் குப்புறப் படுத்தார். நிலைமையைச் சரிசெய்ய நினைத்த டீச்சர், தன்னுடையதைத் தானே பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டதாகச் சொல்லிவைத்தார். நோயாளி தன் கையாலேயே ஊசியைப் பிடுங்கலாமா என்று தலைவர் அதையும் தனிக் குற்றமாக எழுதிக்கொண்டு கூடையைக் கவிழ்த்தார். பஞ்சும் ஒரு பொத்தானும் விழுந்தன.

ஊசியம்மாவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இவர்களுக்குத் தான் ஏதோ செய்துகொண்டிருப்பதாக ஆறு மாதமாக நினைத்திருந்தாள். குப்பைக்கூடை முன்னால் குனிந்து நின்ற டீச்சரைப் பார்த்தபோது, கொடுத்தது யார், வாங்கியது யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

“எல்லாரும் எனக்காகப் பொய் சொல்றாங்க சார். ஒரு ஊசி கூடுதலா இருக்கு. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. தப்பை என் பேர்ல எழுதுங்க. கூடத்தை மட்டும் மூடாதீங்க.”

நாத்தனார் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிப் பிடித்ததில்லை.

“உங்க நல்ல மனசு வேற, தொழில் வேற” என்றார் தலைவர். “தனி அறையில ஒருத்தரா வெச்சுப் பார்க்கணும்னு எதுக்குச் சொல்றோம்? இருபது வருஷமா பார்க்கிறேன். என் கையில ஒரு ஊசி தவறினதில்ல.”

அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பத்தாவது நாற்காலியில் கண்மேல் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள், நாத்தனார் ஊசிகளை எடுத்துவிட்டுப் போனதுகூடத் தெரியாமல், இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தூக்கம் வராமல் வாரம் மூன்று நாள் இங்கே வந்து தூங்குகிறவர். தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்பது கூடத்தின் வழக்கம். அதனால் இவ்வளவு கலாட்டாவிலும் யாரும் அவரைத் தொடவில்லை.

குரல் கேட்டு அந்த அம்மாள் துணியை விலக்கினார். தலைவரின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. அந்த அம்மாள் கொண்டையைத் தளர்த்தி உச்சந்தலையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அது இவங்க போட்ட ஊசி இல்ல மாப்பிள்ளை. காலையில இங்க சோதனைக்கு வர நேரமாச்சுன்னு, என் தலையில போட்டதை எடுக்காமலே காரை எடுத்துட்டுப் போனீங்களே, அது.”