தேசப்பனின் விசில்

பொன்னேரி ஸ்டாண்டில் பஸ் நிறைந்து வழிந்தது. கண்டக்டர் தேசப்பன் விசிலை வாயில் வைத்து முக்கி முக்கி ஊதினான். 'புஸ்' என்று வெறும் காற்றுதான் வந்தது.

முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணி, வைத்தியம் பார்த்து, இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறான் பாவம். இடது கண் இன்னும் சரியாக மூடாது. காப்பி குடித்தால் பாதி சட்டைக்கு. ஆஸ்பத்திரியில் பலூன் ஊதிப் பழகச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்த பெண்டாட்டிக்குத்தான் நன்றாக ஊத வந்தது.

பஸ் முதலாளி வரதனோ, "விசில் அடிச்சா கண்டக்டரு. இல்லன்னா ஊட்டுக்குப் போ" என்று கறாராகச் சொல்லிவிட்டு, எதிர் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, வண்டி கும்முடிபூண்டி போவுமா, போவாதா?"

"ஊதிக்கினுதான கீறேன்!"

மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ரோசம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "குடு இப்டி" என்று விசிலைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து ஒரு ஊது ஊதினாள் பாருங்கள், ஸ்டாண்டில் படுத்திருந்த நாயெல்லாம் எழுந்து நின்றது. வண்டி மட்டும் அசையவில்லை.

தேசப்பன் வராத நாளெல்லாம் தானும் லீவு போட்டிருந்த டிரைவர் துளசிராமன், தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தபடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"ரைட்! ரைட்!" என்று பஸ்ஸே சேர்ந்து கத்தியது. அவர் அசைந்தால்தானே!

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளியே ஓடி வந்தார். ரோசம்மாள் கையில் விசிலைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதைப் பிடுங்கித் தானே ஊதினார். ஊஹூம்.

"நானே ஊதறேன், மதிக்க மாட்டன்றான்! தேசப்பா, போய் வண்டிய எடுக்கச் சொல்லு. எடுக்கலன்னா பைய வச்சிட்டு எறங்கிக்கினே இரு!"

ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்ற டிரைவரே சமயம் பார்த்துக் காலை வாருகிறாரே! தேசப்பன் ஓடிப்போய் டிரைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எம் பொழப்புல மண்ணப் போடாதண்ணே!"

துளசிராமன் முதலாளி இருந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குனிந்து அவன் காதோடு சொன்னார்:

"நீ இன்னா சொல்றன்னே தெரியல தேசப்பா. எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு. உங் கன்னம் உப்புறத கண்ணாடியில பாத்துதான் இத்தினி நாளும் வண்டி எடுத்துக்கினு இருந்தேன். சீக்கிரம் மூஞ்சிய சரி பண்ணிக்கடா, ரெண்டு ஊட்டு அடுப்பும் எரியணும்!"