இரண்டு குமிழும் ஓர் இரைச்சலும்

மனைவி வாயாலேயே "புது கிட்டார் வாங்குங்க" என்று சொல்ல வைப்பது. இதுதான் கண்ணாடிக்காரர் எடுத்த சபதம். பல் தேய்க்கும்போது எடுத்ததால் வாய் நிறைய நுரை இருந்தது. இருந்தாலும் சபதம் சபதம்தான்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு உலகம் நேராகத் தெரிகிறதென்றால் அது அவர் திருகிய திருகாணியின் புண்ணியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளே வேறு. பல் டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் ஓர் இசைக்குழு. டாக்டர் டிரம்ஸ் அடிப்பார், டாக்டரின் மைத்துனர் பாடுவார், நம்மவர் பேஸ் கிட்டார். நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் தொம் தொம் என்று நடந்துகொண்டே இருக்கும் வாத்தியம். நடக்கிறவரை ஒருத்தரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தடுக்கி விழுந்தால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நம்மவர் அடிக்கடி தடுக்கி விழுந்தார். அதுவும் ஒரே இடத்தில். பல்லவி முடிந்து படபடவென்று மேலிருந்து கீழே இறங்கி வருகிற ஓர் இடம் உண்டு. அங்கே அவர் விரல் ஒரு படியைத் தவறவிட்டு மறு படியில் உருண்டு விடும். டாக்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பிடுங்க வேண்டிய பல்லைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பார்.

"குத்தம் என்கிட்ட இல்ல டாக்டர், கிட்டார்லதான்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை அவரே நம்பிவிட்டார். குடியிருப்பின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மேடை உண்டு, விளக்கு உண்டு. இந்த நேரம் பார்த்து வாத்தியக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கருஞ்சிவப்பில் ஒரு புது பேஸ் வந்து உட்கார்ந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பதுபோல் நினைத்துப் பார்த்தார். வயிறு கூடக் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது.

ஆனால் வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருந்தது. அவர் இரண்டாவது பைனாகுலர் வாங்கி வந்த அன்று மனைவி போட்ட சட்டம். "ஒருத்தருக்கு ஒண்ணுதான். அது கெட்டாத்தான் இன்னொண்ணு." மேல்முறையீடு கிடையாது.

ஆக, பழசு கெட வேண்டும். உடைக்க மனசு வரவில்லை. உடைக்கத் தேவையும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பழைய கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றிலும் காந்தத்தைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியால் ஒரு சுருள். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் சத்தம் பிறக்கும், ஒயர் வழியாக ஸ்பீக்கர் பெட்டிக்குப் போய்ப் பெரிதாகும். ஆனால் சுருளுக்கு நல்லது கெட்டது தெரியாது. வீட்டிலுள்ள ஒயர், டியூப் லைட், பிரிட்ஜ் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதனால் இரண்டு சுருளையும் எதிரெதிராகச் சுற்றியிருப்பார்கள். சத்தத்தைக் கூட்டக் குறைக்க சுருளுக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு குமிழையும் முழுசாகத் திறந்து வைத்தால் இதன் இரைச்சலை அது அடித்துவிடும், வீடு நிம்மதியாக இருக்கும். ஒரு குமிழை மூடினால் போதும், மிச்சமிருக்கும் ஒற்றைச் சுருள் தன்னந்தனியாக நின்று ஒப்பாரி வைக்கும்.

மதியம் சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு வந்தவர் ஒரு குமிழை மெல்ல மூடினார்.

"ங்ங்ங்ங்ங்..."

ஆஹா! என்ன அருமையான நாராசம்!

பக்கத்து அறையில் மனைவி வேலையில் இருந்தாள். அவளுக்கு மதியம் முதல் வீட்டிலிருந்தபடியே வேலை. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கம்பெனி ஒன்றுக்குப் புகார் கேட்பது. காதில் ஹெட்போன், வாயில் தேன். எத்தனையோ பேர் மெஷினைத் தாங்களே உடைத்துவிட்டு "தானா நின்னுபோச்சு மேடம்" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பொய்யை மூச்சிலேயே கண்டுபிடிக்கிற ஆள். கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தபோது இந்த ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை.

ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கதவருகே வந்தாள்.

"ஏங்க, என்ன சத்தம் அது? பம்பு தண்ணியில்லாம ஓடற மாதிரி?"

"அதுவா? கிட்டார். பாவம், வயசாயிடுச்சு."

"லைன்ல இருக்கற கஸ்டமர் கேக்கறாரு, 'மேடம், கெட்டுப்போனது என் மெஷினா உங்க மெஷினா'ன்னு."

"பாத்தியா! ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"எப்ப ஆரம்பிச்சுது?"

"இன்னிக்கு... இல்ல, ரொம்ப நாளாவே."

"விடாம வருதா, விட்டு விட்டு வருதா?"

"நான் எடுத்தா வருது."

"பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டிப் பாத்தீங்களா?"

"இது தண்ணி மெஷின் இல்லம்மா!"

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது சார். தயவுசெஞ்சு காத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோபமே இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. போகட்டும், நாளாக ஆகக் கரைவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் மதியம் கிட்டாரை எடுத்தார். இரைச்சலைக் காணோம். குனிந்து பார்த்தால் இரண்டு குமிழும் முழுசாகத் திறந்திருந்தன. 'துணி போட்டு அழுத்தித் துடைச்சிருப்பா' என்று நினைத்துக்கொண்டு மறுபடி மூடினார். அதற்கு மறுநாளும் அப்படியே. மூடுவார், காலையில் கடைக்குப் போவார், மதியம் வந்தால் திறந்திருக்கும். இவ்வளவு சுத்தமான மனைவி அமைந்ததற்குச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கிட்டாரைத் தினமும் துடைக்கிறியா?"

"ஆமா. தூசி படியுதே."

"விரல்ல என்ன பிளாஸ்திரி?"

"கேரட் சீவறப்ப பட்டுடுச்சு."

"நாலு விரல்லயுமா?"

"பெரிய கேரட்டுங்க."

நம்மவருக்கு மனசெல்லாம் கருஞ்சிவப்பு. கேரட் எங்கே ஏறப்போகிறது?

வாரம் முழுக்க இரைந்தும் சபதம் நிறைவேறவில்லை. சனிக்கிழமை காலை பொறுமை போய்விட்டது. காபி டம்ளரோடு மனைவியை உட்கார வைத்து, தையல் பெட்டியிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். விஞ்ஞானமாகச் சொன்னால் மறுக்க முடியாதல்லவா?

"இதோ பாரு. இது ஒத்தைச் சுருள். தனி ஆள். கணீர்னு பேசுவான், ஆனா கூடவே இரைச்சலும் வரும். இன்னொரு வகை, ரெண்டு சுருளை ஒட்டி ஒட்டி வெச்சு ஒரே பெட்டியில மூடினது. இரைச்சல் வராது. குரல் கொஞ்சம் பருமனா இருக்கும்."

"சரி."

"கடையில இருக்கே ஒரு புதுசு, சும்மா பேச்சுக்குச் சொல்றேன், அதுல ஒரே சுருளை ரெண்டாப் பிரிச்சிருக்கான். ஒரு பாதி தடிச்ச ரெண்டு கம்பிக்கு. மறு பாதி மெல்லிசு ரெண்டுக்கு. ஒண்ணை இப்படிச் சுத்தி, இன்னொண்ணை அப்படிச் சுத்தியிருப்பான். காந்தத்தையும் தலைகீழா வெச்சிருப்பான். இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுச் செத்துப்போகும்."

"அப்ப பாட்டும் செத்துப்போகாதா?"

நல்ல கேள்வி. அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"அங்கதான் சூட்சுமமே! பாட்டு காந்தத்தோட சம்பந்தப்பட்டது. சுத்தும் தலைகீழ், காந்தமும் தலைகீழ், ரெண்டு தலைகீழ் சேந்தா நேராயிடும். பாட்டு கூடிக்கும். இரைச்சல் வெளியிலேர்ந்து வர்றது. அதுக்குக் காந்தத்தோட சோலியே இல்ல. ஒரே ஒரு தலைகீழோட மாட்டிக்கிட்டு அடிபட்டுப்போகும்."

"ஆக, எதிரும் புதிருமா இருந்தாலும் வேலையைச் சேந்து செய்யும். நம்ம ரெண்டு பேர் மாதிரி."

"நான் எப்ப உனக்கு எதிரா இருந்தேன்?"

"அதை விடுங்க. நம்ம வீட்டு கிட்டார்ல எத்தனை சுருள்?"

"ரெண்டு" என்றார், பாடம் எடுக்கிற உற்சாகத்தில்.

"ரெண்டையும் ஒரே பக்கமா சுத்தியிருக்கா?"

"சேச்சே! அதுவும் எதிரெதிராத்தான்..." சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

"அப்புறம் ஏன் இரையுது?"

பிரிட்ஜ் கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. வீடே அவர் பதிலுக்காகக் காத்திருந்தது.

"அது... ஒரு சுருளுக்கு வயசாயிடுச்சு."

"ரெண்டும் ஒரே நாள்ல செஞ்சதுதானே?"

"ஒண்ணு சீக்கிரம் தளர்ந்துடும்."

மனைவி அவர் முன்நெற்றி முடிந்து பின்மண்டை ஆரம்பிக்கிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா, சில வீட்ல அப்படித்தான்" என்றாள். காபியைக் குடித்து முடித்தாள். நூல்கண்டுகளைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"சரி, நாளைக்குக் கடைக்குப் போவோம். நானும் வர்றேன். அந்தப் புதுசை வாங்கிடுவோம்."

கண்ணாடிக்காரருக்குக் காது அடைத்தது. சபதம் ஜெயித்துவிட்டது! அன்றைக்குக் கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் கண்ணாடியை இலவசமாகத் துடைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. வாத்தியக் கடையில் பழுது பார்க்கிற பெண் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் மூக்கிலிருந்த கண்ணாடி இவர் மாட்டியதுதான். மேஜைமேல் ஒரு தட்டில் மூடி கழற்றிய சுருள்களாகக் கிடந்தன. ஒற்றையாக ஒன்று. ஒட்டிப் பிறந்த ஜோடி ஒன்று. ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்த ஜோடியும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒற்றை போலவே தெரியும்.

"மேல இருக்கறது பாட்டுக்கு, கீழ இருக்கறது முக்கியமா இரைச்சலை அடக்கறதுக்கு" என்று விளக்கினாள் அந்தப் பெண்.

"கீழ இருக்கறவன் பேரே வெளிய வராது" என்றார் கண்ணாடிக்காரர் பெருமூச்சோடு.

மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. கருஞ்சிவப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சத்தத்துக்கு ஒரே குமிழ்தானா?"

"ஆமாம்மா. சத்தத்துக்கு ஒண்ணு, குரலைக் கூர்மையாக்க மழுங்கடிக்க இன்னொண்ணு. எப்படித் திருகினாலும் சுருள் ரெண்டும் சேந்தே இருக்கும். இரையாது."

"யார் திருகினாலும்?"

"யார் திருகினாலும்."

கண்ணாடிக்காரர் கடையின் மேற்கூரையை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார். திரும்பினால், மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். 'வெயிட் பாக்கறா போல' என்று நினைத்தார்.

தொம். தொம் தொம்.

யாரோ ரேடியோ போட்டிருக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ரேடியோ இல்லை. பல்லவி நடந்தது. நடந்து முடிந்து அந்தப் படிக்கட்டு வந்தது. அவரையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். மேலிருந்து கீழே, ஒரு படி விடாமல், மழைத்தண்ணி இறங்குகிற மாதிரி இறங்கி வந்து நின்றது சத்தம். பழுது பார்க்கிற பெண் கைதட்டினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். மனைவியின் விரல் நுனிகளைப் பார்த்தார். பிளாஸ்திரி போய், தோல் நன்றாகக் காய்த்திருந்தது.

"கேரட்..." என்றார்.

"கேரட்டெல்லாம் இல்ல" என்றாள் சாவதானமாக. "மூணு மாசமா செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நீங்க அந்த இடத்துல வழுக்கி விழறதையே கேட்டுக்கிட்டிருந்தேன். கை துறுதுறுன்னுச்சு. நீங்க கடைக்குப் போனதும் எடுத்து வாசிச்சுப் பாத்தேன். திடீர்னு ஒரு நாள் இரைஞ்சுது. ஒரு குமிழ் மூடியிருந்துது, திறந்து விட்டேன். மறுநாளும் மூடியிருந்துது. தூசியா வந்து மூடும்?"

"அப்ப... அன்னிக்கே தெரியுமா?"

"பிளக்கைப் பிடுங்கச் சொன்னேனே, அன்னிக்கே. மெஷினை உடைச்சவங்க எல்லாரும் அதே குரல்லதாங்க பேசுவாங்க."

"தெரிஞ்சுக்கிட்டேவா வாங்க ஒத்துக்கிட்டே?" எவ்வளவு பெரிய மனசு! "எனக்காகவா?"

"எனக்குங்க" என்றாள். "என் சம்பளத்துல. ஒருத்தருக்கு ஒண்ணு. உங்ககிட்ட ஒண்ணு இருக்கு. என்கிட்டதான் இல்ல."

சட்டப்படி அது சரி. அவர் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் சரியாகவே இருந்தது.

"எங்க வாசிப்பே?"

"ஆண்டு விழாவுலதான். போன வாரம் பல் டாக்டர்கிட்ட பல்லைக் காட்டப் போனப்ப, உங்க கிட்டாரையும் தூக்கிட்டுப் போய், அவர் கார் ஷெட்டுல கொஞ்சம் வாசிச்சுக் காட்டினேன். வாயைப் பொளந்துட்டாரு. மேடை விளக்கைப் பாத்துக்க ஆள் இல்லையாம். உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"அப்ப நானு? என் கிட்டார்?" கடை நடுவில் நின்று குழந்தை மாதிரி கேட்டார் கண்ணாடிக்காரர்.

மனைவி கருஞ்சிவப்பை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் தோளை ஆதரவாகத் தட்டினாள். குரலில் தேன் வழிந்தது.

"வீட்ல வாசிங்க. ரெண்டு குமிழையும் முழுசாத் திறந்து வைங்க, இரையாது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"