டிக்குக் கிராணி கைவைக்காத சைக்கிள்

அந்தக் காலத்து மலாக்காவில் யாராவது சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போனால், டயர் பஞ்சர் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். வழியில் டிக்குக் கிராணி எதிர்ப்பட்டிருப்பார் என்றுதான் நினைப்பார்கள்.

செலண்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். அவர் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், விழுந்து கிடந்த ரப்பர் விலை மெல்ல எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்த நேரம். இருவருக்கும் கல்யாணம் ஆகாததால் ஒரே வீட்டில் குடிவைத்திருந்தார்கள். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. துரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரை என்று அவரே சுற்றுமுற்றும் பார்ப்பார்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய காது. எந்தச் சைக்கிள் பக்கத்தில் வந்தாலும் கையைத் தூக்கி நிறுத்துவார். டிக்கென்று ஒரு சத்தம் வருகிறதே, கேட்கவில்லையா என்பார். வண்டிக்காரருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. இவர் அதற்குள் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது, முன்பல்லும் பின்பல்லும் நேர்கோட்டில் இல்லை, பெடல் கட்டையைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்துவிட்டது என்று நோயை வரிசையாகச் சொல்வார். அத்தனையும் சரியாக இருக்கும். நோயைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இணை இல்லை. குணமாக்கி முடிப்பதற்குள் ஆபீஸ் மணி அடித்துவிடும், அவ்வளவுதான். வண்டிக்காரர் ஒரு கையில் பின்சக்கரமும் மறுகையில் மண்ணெண்ணெய் சொட்டும் செயினுமாக நின்றுகொண்டிருப்பார்.

சைக்கிளில் மீன் கொண்டுவருகிற சீனக் கிழவர் ஒருவர் இப்படித்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டார். செயினைத் திரும்பக் கோத்து முடிப்பதற்குள் வெயில் ஏறி, கூடையிலிருந்து வந்த வாசனையில் தோட்டத்துப் பூனைகளெல்லாம் கூடிவிட்டன. அதற்குப் பிறகு அவர் எங்கள் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, மலாய்க்காரர் கிராமமான கம்பத்து வழியாகப் போக ஆரம்பித்தார். கூலிக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் மீனுக்காக அந்தக் கம்பம் வரை நடந்தார்கள். நடந்த ஒவ்வொருத்தியும் கிராணியை வாழ்த்திக்கொண்டே நடந்தாள்.

அவருடைய சொந்த வண்டி தனி ரகம். சீமைக்குத் திரும்பிப் போன சின்னத் துரை விற்றுவிட்டுப் போன பந்தய சைக்கிள். கைப்பிடி ஆட்டுக்கடாக் கொம்புபோல் கீழே வளைந்திருக்கும். பின்சக்கரத்தில் ஒரு பல்சக்கரத்துக்குப் பதில் மூன்று. சட்டத்திலிருந்த ஒரு சின்னப் பிடியைத் தள்ளினால், கம்பி இழுத்து, செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மேட்டுக்குப் பெரிய பல், சமதரைக்குச் சின்னப் பல். கம்பி ஒரு நூல் இறுகினாலும் செயின் தாண்டிக் குதித்துவிடும். ஒரு நூல் தளர்ந்தால் தாவாமல் நடுவில் நின்று கரகரக்கும். இந்த ஒரு நூலுக்காக அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். ஒருமுறை மலாக்கா டவுனுக்குப் படம் பார்க்கக் கிளம்பினோம். வழியில் பத்து பெரண்டாம் என்ற ஊர் வந்ததும் இறங்கி, கம்பியைத் தளர்த்தினார், இறுக்கினார், மறுபடி தளர்த்தினார். கடைசியில் சத்தம் என் வண்டியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். அன்றைக்குப் பார்த்த படம் அதுதான்.

இப்பேர்ப்பட்டவருக்கு நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் அங்கே ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியின் மகள், பாக்கியம். மாப்பிள்ளையைப் பார்க்கக் கங்காணியே நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார். சைக்கிளில் வருவார் என்று கேட்டதும் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். கிராணியைச் சாமி படத்துக்கு முன்னால் நிற்கவைத்து, கங்காணியின் வண்டியைத் தொடமாட்டேன், அதைப் பற்றி வாயும் திறக்கமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினார்.

கங்காணி வந்தார். தலைப்பாகை, கோட்டு, முறுக்கிய மீசை. அவர் வளைவு திரும்பும்போதே எனக்குக்கூடக் கேட்டது. பெடல் ஒவ்வொரு சுற்று வரும்போதும் டிக், டிக் என்று சுத்தமான சத்தம். கிராணி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். டிரெசர் அவர் தோளில் கையைப் போட்டுப் பாசமாக அமுக்கி உட்காரவைத்தார்.

கோப்பி குடித்துக்கொண்டே கங்காணி கேள்வி கேட்டார். சொந்த ஊர் எது, தாய்தகப்பன் உண்டா, கள்ளுக்கடைப் பழக்கம் உண்டா. கிராணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், கண்ணை மட்டும் வாசலில் நின்ற சைக்கிளை விட்டு எடுக்கவில்லை. செயின் வேறு தொட்டில் கயிறுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் விரலால் அமுக்கினால் அரை இஞ்சு ஆடலாம். இது ஆடிய ஆட்டத்துக்குக் கணக்கே இல்லை. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. அடக்கமான பையன் என்று கங்காணிக்குத் திருப்தி.

கங்காணி விடைபெற்று ஏறி மிதித்தார். செம்மண் சடக்குச் சாலை இறக்கத்தில் செயின் கழன்று பின்சக்கரத்தில் சிக்கி, தலைப்பாகை ஒரு பக்கமும் கங்காணி ஒரு பக்கமுமாக சாலையோர அல்லூர்க் கால்வாய்க்குள் போனார்கள். நல்லவேளை, தண்ணீர் முழங்கால் அளவுதான். கணுக்கால் மட்டும் சுளுக்கிக்கொண்டது.

ஓடிவந்த கூட்டம் அல்லூரைப் பார்க்கவில்லை, கிராணியைத்தான் பார்த்தது. சேறு வடிய மேலே வந்த கங்காணியும் அவரைத்தான் பார்த்தார். "நான் உள்ள கோப்பி குடிக்கிற நேரத்துல எவனோ வண்டியில கைவச்சிருக்கான்" என்றார்.

கிராணி வாயைத் திறந்தார், சத்தியம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். பார்க்கும் சைக்கிளையெல்லாம் பிரித்துப்போட்டவர் அன்றுவரை கைவைக்காமல் விட்ட ஒரே சைக்கிள் அது. அவர் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார் என்பது ஒருவருக்கும் தோன்றாமல், அதைப் பிரித்த குற்றம்தான் அவர்மேல் விழுந்தது. கங்காணியை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினோம். சம்பந்தம் முறிந்த மாதிரிதான் என்று டிரெசர் சொன்னார்.

சைக்கிள் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மணி கிடையாது, சம்பந்தமே முறிந்தபின் சத்தியமும் கிடையாது. கிராணி முதல்முறையாக ஒரு வேலையை ஆரம்பித்து முடித்தார். பின் அச்சில் தளர்ந்து கிடந்த நட்டுதான் சக்கரம் முன்னால் நகர்ந்ததற்கும் செயின் தொங்கியதற்கும் காரணம். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, சட்டத்துக்கு நடுவாக நிறுத்தி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கினார். தேய்ந்த காட்டர் பின்னைத் தட்டி எடுத்துப் புதுசு அடித்தார். செயினைக் கழுவி, துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பெடலைச் சுற்றினால், சக்கரம் சுற்றுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதை நியாலாஸ் வரைக்கும் உருட்டிக்கொண்டே கொண்டுபோனார். பெரியவர் வண்டியில் ஏறி உட்காருவது மரியாதை இல்லையாம். கங்காணி நொண்டிக்கொண்டு வந்து ஏறி, காலையில் ஆட்களைப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தை ஒரு சுற்று சுற்றினார். இறங்கியதும் பரிசம் போட நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

பரிசத்துக்குப் பிறகு ஒருநாள், பலகாரம் கொடுத்துவர நானும் கிராணியோடு போயிருந்தேன். கங்காணி ஆட்கள் ரப்பர் வெட்டும் மலைக்காட்டில் இருந்தார். பாக்கியம் கோப்பியை வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள். கட்டிக்கப்போகிறவரோடு நேராகப் பேசக்கூடாது என்பதால், அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தாலும், என்னிடம் பேசினாள்.

"வாத்தியாரண்ணே, சைக்கிள்ல அந்தச் சத்தத்தத் திரும்ப வைக்க முடியுமான்னு அவங்களக் கேளுங்க."

கிராணி கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். எதற்கு என்று நான் கேட்டேன்.

"முன்னல்லாம் அப்பா வாறது தூரத்துலயே கேக்கும். புள்ளைக்குப் பால் குடுக்க ஒக்காந்தவ எந்திரிச்சுக்குவா, இடுப்பு வலிக்குதுன்னு மரத்துல சாஞ்சவ கத்திய எடுத்துக்குவா. இப்ப பூனை மாதிரி வந்து நிக்கிறாரு. நேத்து நாலாவது நெரை மரத்துல வேல செய்யிற பொண்ணு புள்ளைக்குப் பால் குடுக்கறதப் பாத்து அவளுக்கு அரைப்பேர் போட்டுட்டாரு. இதெல்லாம் யாரு செஞ்ச வேலைன்னு லயத்துல என்னையத்தான் கேக்குறாங்க."

அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்.  கிராணியும் என்னிடமே சொன்னார்: "காட்டர் பின்ன லூஸ் பண்ணா பெடல் கட்டையே கெட்டுப்போயிரும் வாத்தியாரே. ஆளுக்கும் ஆபத்து. வேற மாதிரிதான் செய்யணும்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் கங்காணி வந்ததும், எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிச் சைக்கிளை வாங்கினார். வாழ்நாளெல்லாம் டிக்கைத் துரத்தியவர் அன்று ஒரு டிக்கைத் தயாரிக்க உட்கார்ந்தார். பால்டின் தகரத்தில் நாக்குப்போல் ஒரு துண்டு வெட்டி, செயின் மூடிக்கு உள்பக்கமாகப் பொருத்தி, பெடல் கட்டை சுற்றிவரும்போது லேசாக உரசும்படி வளைத்தார். முதல் சத்தம் மெலிவாக இருக்கிறது என்று கழற்றினார். அடுத்தது அழுகிற மாதிரி இருக்கிறதாம். "இது எப்படி இருக்கு வாத்தியாரே, அந்த நெரை கடைசி வரைக்கும் கேக்குமா?" என்று என்னை ரப்பர் மரங்களுக்கு நடுவே தூரமாக நிற்கவைத்துப் பெடலைச் சுற்றினார். கேட்டது. வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லாத, ஊருக்கே கேட்கிற, அருமையான டிக்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவீட்டு விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் கங்காணி மருமகனைப் பார்த்து, வண்டியில் பழைய சத்தம் திரும்பிவிட்டதே, என்ன காரணம் என்று கேட்டார்.

டிக்குக் கிராணி இலையைப் பார்த்துக்கொண்டே, "வண்டிக்கு வயசாயிருச்சு மாமா. என்னன்னு எனக்குப் புடிபடல" என்றார்.

கங்காணி பந்தி முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். படித்த மாப்பிள்ளைதான், ஆபீஸ் வேலையில் கெட்டிதான், ஆனால் அன்றைக்கு வண்டி சரியானது குருட்டு அதிர்ஷ்டம், சைக்கிளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரியான மண்டோரிடம் சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அந்த வாரத்துக்குள் நியாலாஸ் முழுக்க அது தெரிந்துவிட்டது. அன்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

கிராணி தலையைக் குனிந்து, ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார்.  என் இலையிலிருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.