பப்பாளிக்குப் போட்ட காப்பர் டி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போவதோடு மானத்தையும் வாங்கும் என்பதை ஜவ்வாது மலையில் கற்றுக்கொண்டவள் நான். என் விஷயத்தில் அது சுரைக்காய் இல்லை, பப்பாளி.

கிராமச் செவிலியராக மலைக்குப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பெண்களுக்கான கருத்தடைச் சாதனங்கள் அத்தனையும் மனப்பாடம். ஐந்து வருஷக் காப்பர் டி, பத்து வருஷக் காப்பர் டி, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, மூன்று மாத ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. நானாகத்தான் தூக்கத்தில் ஒப்பித்தேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி வேறு அறைக்கே போய்விட்டாள்.)

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் வசந்தா இருந்தாள். என் வயதுதான். மூத்தவன் இன்னும் சரியாக ஓடப் பழகவில்லை, அதற்குள் கையில் ஏழு மாதக் குழந்தை. உடம்பில் ரத்தமே இல்லை.

"இன்னொன்னு இப்பவே வந்துச்சுன்னா நான் எழுந்துக்க மாட்டேன் நர்ஸம்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவளுக்குக் காப்பர் டி வேண்டும். புருஷன் கோவிந்தன் விடவில்லை. அவர் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது பின்பக்கம் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, எர்த்துக்குச் செம்புக் கம்பி புதைத்திருந்தார்கள். அதைக் கூடவே நின்று பார்த்தவர் அவர்.

"காப்பர்னா செம்புதானேங்க? வூட்டுக்குப் பொதைச்ச மாதிரி பொம்பள வயித்துல பொதைப்பீங்களா? இடி இழுத்துச்சுன்னா யாருங்க பொறுப்பு?" என்றார்.

"அவர் சம்மதம் தேவையே இல்ல, நீ சரின்னு சொன்னாப் போதும். அதான் சட்டம்" என்று வசந்தாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.

"சட்டம் உங்க ஆஸ்பத்திரில இருக்கும். நான் இந்த வூட்ல இல்ல இருக்கேன்?" என்றாள்.

சரி, ஊர்ப் பெண்களை எல்லாம் கூட்டி விளக்கிவிடுவோம் என்று ஒரு நாள் குறித்தேன். வசந்தா வீட்டில்தான் கூட்டம். செய்து காட்டுவதற்காக, துணியில் தைத்த கர்ப்பப்பை ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். (இன்று யார் வீட்டில் தலையணையாக இருக்கிறதோ!) பயிற்சியில் பப்பாளிக்குத்தான் போட்டுப் பழகியிருந்தோம், வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான். பஸ் இறங்கி, ஊருக்குப் போகும் ஜீப் நிற்கும் இடத்தில் ஒன்று வாங்கிக்கொண்டேன். பயிற்சியில் கொடுத்தது காய். நான் வாங்கியது நன்றாகக் கனிந்த பழம்.

பையிலிருந்து பழத்தை எடுத்ததுமே மாசமாக இருந்த ஒருத்தி நைசாக வாசற்படிக்கு நகர்ந்தாள்.

"பப்பாளி தின்னாலே கலைஞ்சிடும்னு சொல்றாங்க. அப்புறம் அதுக்குள்ள டி வேற எதுக்கு நர்ஸம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் அப்போது விஞ்ஞானம்.

"இப்படித்தான் உள்ளே போகும். நூல் மட்டும் கீழே இருக்கும், தொட்டுப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, டியைச் செருகும் குழாயைப் பழத்துக்குள் அழுத்தினேன். கொழகொழத்த பழம் டியையும் விழுங்கியது, நூலையும் விழுங்கியது.

"நூலு எங்கம்மா?"

"உள்ள பத்திரமா இருக்கு" என்று பழத்தை அடுப்படி ஓரம் வைத்துவிட்டு, வெளியே போய் ஒவ்வொருத்திக்கும் பிரஷர் பார்க்க உட்கார்ந்தேன்.

அந்த ஊரில் வந்தவர் கொண்டுவந்த பழம் பையோடு திரும்பிப் போகக் கூடாது. வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். சாமைக் கொல்லையிலிருந்து வந்த கோவிந்தனுக்கு என் மேல் கோபம் இருந்தது, ஆனால் உபசாரத்தில் குறை வைப்பவர் இல்லை. பின்கட்டு வழியாக வந்து, பழத்தைத் துண்டு போட்டு, தட்டோடு வாசலுக்கு வந்திருக்கிறார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தியும் எடுக்கவில்லை. ஒருத்தியும் சொல்லவும் இல்லை. என் காதில் ஸ்டெதஸ்கோப்.

"இன்னா, நல்ல பழம்தான?" என்று அவரே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாராம்.

நான் திரும்பியபோது அவர் மென்றுகொண்டிருந்தார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"முழுங்கிடாதீங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். அந்த மனிதரின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் இரண்டு விரலை விட்டுவிட்டேன். நூல் கிடைத்தது. புத்தகத்தில் சொன்னபடியே நூலைப் பிடித்து மெதுவாக, ஒரே சீராக இழுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் வெளியே எடுத்த முதல் காப்பர் டி அதுதான்.

வாசலில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மானம் போனது போகட்டும், வசந்தாவின் காரியமும் கெட்டதே என்று நினைத்தேன். அவள் மட்டும் சிரிக்காமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவிந்தன் அதைத் தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"காப்பர் டி."

"மொத்தமே இவ்ளோதானா? செம்பு எங்க?"

தண்டில் தலைமுடி மாதிரி சுற்றியிருந்த கம்பியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு எர்த் புதைத்த பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுக்கா நாலு மாசமா வூட்ல சண்ட?"

"வாயில போட்டு மென்னே பாத்துட்டல்ல? இடி இழுத்துச்சா?" என்றாள் வசந்தா.

அடுத்த வாரமே அவளுக்குக் காப்பர் டி போட்டாயிற்று. கூடவே வந்த கோவிந்தன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "இந்தம்மா வேணாங்க. பெரிய நர்ஸம்மா போடட்டும்."

இரண்டு வருஷம் கழித்து வாணியம்பாடியில் என் கல்யாணம். வசந்தா கன்னம் உப்பி, ஆள் தெரியாமல் வந்திருந்தாள். இரண்டே பிள்ளைகள். கோவிந்தன் மேடையேறி என் கையில் பரிசு கொடுத்தார். பப்பாளி. இரண்டாக வெட்டி, நூலால் கட்டிய பப்பாளி. புதுப்பெண்ணுக்கு யாராவது பப்பாளி கொடுப்பார்களா? மாமியார் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதீங்கம்மா" என்று கோவிந்தன் அவருக்குச் சமாதானம் சொன்னார். "வெட்டிப் பாத்துட்டுத்தான் எடுத்தாந்தேன். உள்ள ஒண்ணும் இல்ல."

முழுக்கதையையும் மேடையிலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பழத்தட்டு போகும் முன் மாமியார் ஒரு தடவை கிச்சனை எட்டிப் பார்ப்பார்.

"ஏம்மா, இதுல எதையும் நீ தொடலையே?"