ரோமாபுரிக்காக நறுக்கிய வெங்காயம்

இந்த வருஷம் வெங்காயத்தைத் தொடுவதில்லை என்று அன்று காலை முடிவெடுத்தேன். எடுத்ததோடு நிற்காமல் அதை என் மனைவி அனுசுயாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியும் விட்டேன். செட்டிகுளத்தில் எந்தப் புருஷனும் செய்யத் துணியாத காரியம் இது. சின்ன வெங்காயம் பயிர் போடாத வீடு எங்கள் ஊரில் இல்லை. அறுவடையானதும் அதன் தாளை நறுக்கி அழாத ஆம்பளையும் இல்லை.

"நான் நறுக்க உக்கார மாட்டேன். புதிர்ப் போட்டி இருக்கு."

"எப்பப் பாத்தாலும் வீரமணி அண்ணந்தான ஜெயிக்கிறாரு?"

பக்கத்து வீட்டு வீரமணி என்னைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு ஞாயிறும் ஜெயித்துவிட்டு வந்து, என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்கிறான்.

"இன்னிக்கு நான் ஜெயிச்சிட்டா, இந்த வருஷத்து வெங்காயத்துல அப்புறம் கை வைக்க மாட்டேன். சம்மதமா?"

"சரிங்க."

அவள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். காடு, வெள்ளாமை எல்லாம் அவள் நிர்வாகம். நான் பெரம்பலூர் ஆபீசுக்கு டிபன் பாக்ஸ் தூக்குகிறவன்.

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த தலைப்பு, பழைய ரோமாபுரித் தலைவர்கள். கூகுளைக் கேட்கக் கூடாது, போனில் யாரையும் கேட்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்கலாம். சாயங்காலத்துக்குள் விடை போக வேண்டும். சீசர், அகஸ்டஸ், நீரோ மூவரையும் ஒரு டம்ளர் டீயில் முடித்தேன். கடைசிக் கேள்வி கழுத்தைப் பிடித்தது. சத்தமாகப் படித்தேன்.

"ஏர் ஓட்டிக்கிட்டு இருந்தவரக் கூப்பிட்டு நாட்டையே கையில குடுத்தாங்க. போர்ல ஜெயிச்சதும் பதவிய விட்டுட்டு மறுபடி ஏர் ஓட்டப் போயிட்டாரு. யாரு?"

"நம்ம சண்முகப்பிரியா பரீட்சைக்கு வாய்விட்டுப் படிச்சாளே, அந்த ஆளுதான்" என்றாள் அனுசுயா, வெங்காயக் குவியல் முன்னால் உட்கார்ந்தபடி. சண்முகப்பிரியா எங்கள் மகள். இப்போது அரியலூரில் வேலை.

"பேரச் சொல்லு."

"நாக்கு நுனியில நிக்குது. கூட ஒரு ஆளு உக்காந்து நறுக்கினா பேச்சுவாக்குல வந்துரும்."

"உக்கார மாட்டேன்னு சொன்னேனா இல்லியா?"

"நான் எங்க கட்டாயப்படுத்துனேன்? வீரமணி அண்ணன் வூட்டுல ஒரே சிரிப்புச் சத்தமா கேக்குது. கண்டுபுடிச்சிட்டாரு போல."

உட்கார்ந்தேன். அனுசுயாவுக்காக நறுக்கவில்லை, ரோமாபுரிக்காக நறுக்குகிறேன் என்று தெளிவாக அறிவித்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன்.

"யாருக்காக நறுக்கினாலும் வேரையும் சேத்து நறுக்குங்க."

அந்த மனிதரின் வயலை வர்ணித்தாள். மாடுகளை வர்ணித்தாள். அவர் பெண்டாட்டி சொன்ன பேச்சை அவர் தட்டவே மாட்டாராம், அதையும் சொன்னாள். பெயர் மட்டும் வரவில்லை.

"சி-ன்னு ஆரம்பிக்கும்."

"சிசரோவா?"

"அவரு இல்லீங்க. அந்த மூட்டைய இப்பிடி இழுங்க."

கண்ணீர் தாடையில் சொட்டியது. மூக்கும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் தலை குனியவில்லை. குனிந்தால் நெடி இன்னும் ஏறும்.

பொழுது சாயும் நேரம், எதிரில் கிடந்த கடைசி மூட்டையின் அடியைத் தட்டி நறுக்கி முடித்தேன்.

"ஏங்க, வந்துருச்சு. சின்சினாட்டஸ்."

அனுப்பினேன். ஜெயித்தேன். வீரமணி எழுதியிருந்தது 'சீசரின் தம்பி'. அவன் வீட்டுக்கே போய்த் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன். இந்த ஜென்மத்தில் அப்படி ஒரு சுகம் கண்டதில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"பந்தயம் ஞாபகம் இருக்கில்ல? இந்த வருஷத்து வெங்காயத்துல இனிமே கை வைக்க மாட்டேன்."

"வைக்கவே வேண்டாங்க."

அப்படி வா வழிக்கு என்று நெஞ்சு விரிந்தது. "அப்ப மிச்ச வெங்காயத்த யாரு நறுக்குவா?" என்றேன், சேரில் காலை நீட்டியபடி.

"மிச்சம் ஏதுங்க? இந்த வருஷம் வெளைஞ்சது பூராத்தையும்தான் ரோமாபுரிக்காக நறுக்கிட்டீங்களே."