நாற்பத்தொரு விஷமம்

"தங்கள் வகுப்பில் விஷமமுள்ள குட்டிகள் எத்தனை?" என்ற கேள்விக்கு ஆறுமுகசாமி முதலில் நாற்பத்திரண்டு என்று எழுதினார். பிறகு நியாயமாக யோசித்து, ஜன்னலோரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நாச்சியாரை மட்டும் கழித்து, நாற்பத்தொன்று என்று திருத்தினார்.

கல்வி இலாகாவிலிருந்து வந்த மலையாளப் படிவம் அது. பிள்ளைகளைக் 'குட்டிகள்' என்று போட்டிருந்ததில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில்கூடக் கிடையாது. தலைப்பில் 'அத்தியாபக பரிசீலனம்' என்றிருந்தது. ஆசிரியர் பரிசீலிக்க வேண்டுமாக்கும் என்று பரிசீலித்தார்.

விஷமத்தின் காரணம்? 'திமிர்.'

விஷமம் எப்போது கூடுகிறது? 'நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது.'

இதுவரை ஆசிரியர் செய்த உதவி? 'பிரம்படி, நபருக்கு நான்கு.' உதவி என்ற சொல் கொஞ்சம் இடித்தது. சரி, இத்தனை நாள் கழித்தாவது சர்க்கார் தன் சேவையை மதிக்கிறதே என்று எடுத்துக்கொண்டார்.

ஆசிரியருக்கும் சில சமயம் விஷமம் தோன்றுவதுண்டா? 'எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.'

இது 1974-இல் நடந்தது. ஆறுமுகசாமி அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரம் ஆரியசாலைத் தமிழ்ப் பள்ளிக்கு வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் புரொபேஷன் முடியும். முடிந்தால் வேலை நிரந்தரம். மனைவியையும் குழந்தையையும் கூட்டி வரலாம். ஒரே ஒரு இடைஞ்சல், வேலைக்கு மனுப் போடும்போது 'மலையாளம் எழுத, படிக்க, பேசத் தெரியும்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். எழுத்துகளை பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டார். அர்த்தத்துக்குத் தமிழே போதும் என்பது அவர் கட்சி.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் மங்கலம் டீச்சர் கேட்டாள். அவள் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"அந்தப் படிவம் பூர்த்தி பண்ணியாச்சா சார்? நம்ம ஸ்கூல்ல அப்படி ஒண்ணோ ரெண்டோ குழந்தைதான் இருக்கும், பாவம்."

"என் வகுப்புல மட்டும் நாப்பத்தொண்ணு டீச்சர்."

"நாப்பத்தொண்ணா! அத்தனை பேர் ஆத்துலயும் என்ன ஆச்சு?"

"வீட்டுல என்ன ஆகணும்? பிறவிக் குணம்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். "சார், மலையாளத்துல விஷமம்னா துக்கம்னு தெரியுமோல்லியோ? சாவு, தீ விபத்து, அடிதடின்னு பார்த்து மனசு ஒடிஞ்சு போன குழந்தைகளை எப்படித் தேத்தறதுன்னு நமக்கெல்லாம் டிரெயினிங் குடுக்கப்போறா. பரிசீலனம்னா டிரெயினிங்."

"தெரியுமே," என்றார் ஆறுமுகசாமி. சொல்லிவிட்டுப் பியூன் தங்கையனைத் தேடி ஓடினார்.

தங்கையன் பாறசாலைக்காரன். எந்தத் தபாலையும் மூன்று நாள் ஊறப்போட்டுத்தான் கொண்டு போவான். அன்றைக்குப் பார்த்து ஆபீசிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"கொடுத்தாச்சு சாரே. சீலும் குத்தி வாங்கியாச்சு."

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஒரே வகுப்பில் நாற்பத்தொரு பேர் என்ற செய்தி ஆபீசையே கலக்கிவிட்டதாம். தமிழ்ப் பள்ளிகளுக்கான ஸ்பெஷல் ஆபீசர் சுசீலாபாய் வியாழக்கிழமை நேரில் வந்து ஆசிரியருக்குப் பயிற்சி தருவார். ஆறுமுகசாமியின் புரொபேஷன் ஃபைலையும் அன்றே பார்ப்பார். நாகர்கோவில் பக்கத்து அம்மாள். போன மாதம்தான் இந்தப் பதவிக்கு வந்தவர்.

படிவத்தில் தப்பு என்று சொன்னால் மலையாளம் தெரியாதது வெளியாகிவிடும். வேலை போகும். தப்பில்லை என்று சொன்னால் நாற்பத்தொரு பேர் துக்கப்பட வேண்டும். ஆறுமுகசாமி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

புதன்கிழமை வகுப்பில் குரலைத் தாழ்த்திப் பேசினார். "நாளைக்கு ஒரு மேடம் வர்றாங்க. எல்லாரும் கொஞ்சம் சோகமா இருக்கணும்."

பள்ளிக்கூடத்தின் முதல் நம்பர் குறும்புக்காரி உலகம்மை எழுந்தாள். "அழணுமா சார், இல்ல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா போதுமா?"

"கண்ணுல லேசா தண்ணி இருந்தா நல்லது."

"அத எங்கிட்ட விடுங்க. எங்கப்பா உள்ளி மொத்தக் கடைதான் வச்சிருக்காரு." உள்ளி என்று அவள் சொன்னது வெங்காயத்தை.

"நாச்சியாரே, நீ மட்டும் நாளைக்கு வராந்தாவுல உக்காரு. நீ பட்டியல்ல இல்ல."

உலகம்மை உட்காரவில்லை. "அவ அம்மா போனக்காடு எஸ்டேட்டுல செத்துப்போச்சு சார். அதனாலதான் இங்க மாமா வீட்டுல வந்து இருக்கா. நடிக்கிறவங்க எல்லாம் உள்ள, அவ வெளியவா?"

ஆறுமுகசாமிக்கு முகம் சுண்டிப்போனது. ஏழு மாதமாக அந்தப் பெண்ணின் மௌனத்துக்கு நல்லொழுக்கம் என்று மார்க் போட்டு வந்திருந்தார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை சுசீலாபாய் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் தடிமனான மலையாளக் கையேடு. அதை ஒரு தடவைகூடத் திறக்காமல் பேசினார். என்ன தேர்ச்சி என்று ஆறுமுகசாமி மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணு பேருக்கும் விஷமமா சார்? ஜில்லாவிலேயே ரெக்கார்டு!"

"என்னால முடிஞ்சது மேடம்."

வகுப்புக்குள் நுழைந்ததும் உள்ளி நெடி முகத்தில் அடித்தது. உலகம்மை ஆளுக்கொன்று நசுக்கிக் கொடுத்திருந்தாள். வாத்தியார் மேஜை டிராயரில் மட்டும் தாராளமாக அரைக் கிலோ. நாற்பத்தொரு பேர் தலை குனிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகக் கண்ணீர் விட்டவர் ஆறுமுகசாமி.

"ஆச்சரியமா இருக்கு," என்றார் சுசீலாபாய். "விஷமமுள்ள பிள்ளைங்க இவ்வளவு அடக்கமா உக்காந்து நான் பாத்ததே இல்ல. நீங்க ஏன் சார் அழுறீங்க?"

"பழக்கம் மேடம்."

முதல் பெஞ்சுப் பையன் பிச்சைக்கனியை அவர் எழுப்பினார். "தம்பி, உன் விஷமம் என்ன, சொல்லு பாப்போம்."

"எங்கப்பா செத்துட்டாரு மேடம்," என்று அவன் விம்மினான்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கடையிலிருந்து, "ஏலேய் பிச்சைக்கனி! சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய விட்டுட்டுப் போயிட்டியேலே!" என்று செத்தவர் கத்தினார்.

ஆறுமுகசாமிக்கு உயிர் போய் வந்தது. சுசீலாபாயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட, இதுவல்லவா விஷமம்!"

துக்கத்தைச் சிரித்து ஆற்றுவதும் ஒரு முறையோ என்னவோ. ஆறுமுகசாமி தானும் சிரித்து வைத்தார்.

பிறகு சுசீலாபாய் படிவத்தை எடுத்தார். காரணம் திமிர் என்று எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிரம்படி நாலுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் சரியில்ல. இனிமே நான் சொல்றதக் கேளுங்க. விஷமமுள்ள பிள்ளைய அடிச்சா விஷமம் கூடும். பக்கத்துல உக்காருங்க. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. வாயத் தொறந்து பேச விடுங்க. அடக்கி வச்சா ஒருநாள் வெடிச்சிரும்."

அவ்வளவுதான் பயிற்சி. ஆறுமுகசாமி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதும்போது கண் ஜன்னலோரம் போனது. நாச்சியார் உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் உள்ளி இல்லை. கண்ணிலும் தண்ணீர் இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"மேடம், ஒரு உண்மை சொல்லணும். பட்டியல்ல ஒரு பேரு விட்டுப்போச்சு. நெசமான விஷமம் இவளுக்குத்தான்."

சுசீலாபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவளுக்கா? முகத்தப் பாத்தா தெரியலையே!"

"எனக்கும் தெரியாமத்தான் போச்சு."

"எப்ப இருந்து?"

"அம்மா இறந்ததுல இருந்து."

அம்மாளின் முகம் மாறியது. நாச்சியாரைப் பக்கத்தில் அழைத்துத் தலையை வருடினார். "தாயில்லாப் பிள்ள, அப்பிடித்தான் இருக்கும். போகப்போகச் சரியாயிரும். சார், இந்தப் பிள்ளைய அடிச்சிருக்கீங்களா?"

ஏழு மாதத்தில் முதல் தடவையாக நாச்சியார் கேட்காமலே பேசினாள். "சார் என்னை அடிச்சதே இல்ல. ஆஜர் எடுக்கும்போது தவிர என் பேரச் சொன்னதும் இல்ல."

ஆறுமுகசாமி மேஜையை விட்டுப் போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்தார். "நாச்சியாரே," என்றார். கண் மறுபடி நிறைந்தது. இந்தக் கண்ணீருக்கும் உள்ளிக்கும் சம்பந்தமில்லை. அவள் தன் பாவாடை நுனியைப் பார்த்தபடி, சாயங்காலம் மணி அடித்ததும் எங்கே போவது என்றுதான் தினமும் யோசிப்பதாகச் சொன்னாள். அம்மா இருக்கும்போது அப்படி யோசித்ததில்லையாம். உலகம்மை பின் பெஞ்சிலிருந்து, "எங்கூட எங்க கடைக்கு வாட்டி," என்றாள்.

சுசீலாபாய் பிரம்பைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதை ஜீப்பில் கொண்டு போகப்போவதாகச் சொன்னார். ஃபைலில் விறுவிறுவென்று எழுதினார்: 'வகுப்புக் கட்டுப்பாடு அபாரம். மலையாள அறிவு மிக நன்று. நிரந்தரம் செய்யலாம்.'

ஆறுமுகசாமி அதை மூன்று முறை படித்தார். கட்டுப்பாடு எங்கே வந்தது, மலையாள அறிவை எதை வைத்து அளந்தார் என்று ஒன்றும் விளங்கவில்லை. ஜீப் வரை வழியனுப்பப் போன தங்கையன் சாவகாசமாகத் திரும்பி வந்தான்.

"தங்கையா, மேடம் போகும்போது ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லல்ல சாரே, மெள்ள ஒரு காரியம் கேட்டாவ. 'ஏன் தங்கையா, மலையாளத்துலயும் விஷமம்னா குறும்புதானே?'ன்னு. ஆமான்னு சொல்லிட்டேன். பாவம், அவியளும் புரொபேஷன்லதானே!"