வட்டம் விழுந்தாச்சு

“இன்னும் படிக்கலையா அவரு?” அம்மா தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

“படிச்சிருந்தா சொல்லமாட்டேனா? இப்பதானே கேட்ட?”

“கேட்டா ஏன்டி எரிஞ்சு விழுற? சுர்ருன்னு பேர் வெச்சது சரியாத்தான் போச்சு.”

வீட்டில் வைத்த பேர் அதுதான். பள்ளிக்கூடத்தில் வேறு பேர். பட்டத்தில் அந்தப் பேர்தான் அச்சாகி, கண்ணாடி போட்டு, சுவரில் தொங்கியது. வேதியியல் பட்டம். அந்த வீட்டில் முதல் பட்டம். அதை வாங்கிக்கொண்டு சுர்ரு செருப்புக் கடையில் முட்டி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் காலில் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமையோடு ஆள் எடுத்துவிடுவார்களாம். வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் கூடும் ஆப்பில், ஆய்வக மேலாளரைத் தேடிப் பிடித்து மெசேஜ் போட்டிருந்தாள். அவர் படித்தால், அவர் முகம் குட்டி வட்டமாக வந்து மெசேஜுக்குக் கீழே உட்காருமாம். வட்டம் வரவே இல்லை.

அக்கா வீட்டுக்காரர் பார்சல் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். “போனைக் குடு இப்படி. ஒரு பொருள் போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பே.”

கொஞ்ச நேரம் தடவினார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“நீ படிக்கிறது மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்க. அப்புறம் அவரு படிச்சது மட்டும் உனக்கு எப்படித் தெரியும்? நீ ஜன்னலைச் சாத்திக்கிட்டு எதிர்வீட்டை எட்டிப் பார்த்தா என்ன தெரியும்?”

“அந்தச் சூரியகாந்திக்காகத்தான் மாமா மூடினேன்.”

“அது யாரு?”

அது இன்னொரு தொல்லை. முகத்துக்குப் பதில் சூரியகாந்திப் பூவைப் படமாக வைத்திருக்கும் யாரோ, சில நாளாக அவளுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ‘ஒரு வாய்ப்புக் குறித்துத் தங்களோடு உரையாட விழைகிறேன்’ என்று தொடங்கும். அப்புறம் வணக்கம், நன்றி, காலை ஒளி, பனித்துளி எல்லாம் வரும். விஷயம் என்ன என்பது மட்டும் வராது. போன வருஷம் இதே மாதிரி ‘வாய்ப்பு’ என்று கூப்பிட்ட ஒருவன், பாத்திரம் துலக்கும் பவுடர் விற்கிற கூட்டத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னான். அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே சுர்ருவுக்குக் கை அரிக்கும்.

“அது கிடக்கட்டும், ஜன்னலைத் திற” என்று மாமா ஒரு பொத்தானைத் தள்ளினார்.

வட்டம் வந்து விழுந்தது. வழுக்கைத் தலை, கண்ணாடி, குட்டிச் சிரிப்பு.

“படிச்சுட்டாரு!” சுர்ரு கத்திய கத்தலில் அம்மாவின் சீப்பு கீழே விழுந்தது. “அம்மா, படிச்சுட்டாரு! எப்பவோ படிச்சிருக்காரு!”

“எங்க, காட்டு! நல்ல முகமா இருக்கே! கண்ணு பாரு, வேலை குடுக்கிற கண்ணு!”

“கையெழுத்து வாங்கியாச்சு. இனி சரக்கு அவங்க பொறுப்பு” என்றார் மாமா.

மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பதில் வரவில்லை. மதியம் கடையில் ஒரு அம்மாளுக்கு வலது காலில் இடது செருப்பை மாட்டினாள் சுர்ரு. சாயங்காலமும் பதில் வரவில்லை.

“எப்பவோ படிச்சிருக்காரும்மா. படிச்சுட்டுச் சும்மா இருக்காரு!” குட்டிச் சிரிப்பு இப்போது நக்கலாகத் தெரிந்தது. “இரு, நானே கேக்குறேன்.”

அவள் அடித்ததை அம்மா வாங்கிப் படித்தாள். ‘படிச்சீங்க இல்ல? உண்டு இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?’

“அடிப்பாவி! இதை அனுப்பினா அந்தக் கம்பெனி வாசல்ல நிக்கக்கூட விடமாட்டாங்க. பணிவா கேளுடி.”

“பணிவான்னா எப்படி?”

அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். அங்கே மேஸ்திரியிடம் பேசுவதற்கு இரண்டு வகைதான்: வாயை மூடிக்கொள்வது, சண்டை போடுவது. மாமாவுக்கும் தெரியவில்லை. பணிவாக நச்சரிப்பது படித்த வீடுகளில் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். சுர்ருவின் வீட்டில் மேசையே கிடையாது.

அந்த நேரம் பார்த்து போன் சிணுங்கியது. சூரியகாந்தி.

‘நான் எழுதியதைத் தாங்கள் படித்துவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். தங்கள் பணிச்சுமையின் நடுவே என் சிறு நினைவூட்டல் ஓர் இறகாய் வந்து விழட்டும்.’

சுர்ரு பல்லைக் கடித்தாள். ஜன்னலைத் திறந்ததில் இது ஒரு வினை.

மாமாவின் கண்கள் விரிந்தன. “ஏய், பணிவுன்னா இதுதானே! என்னமா நச்சரிக்குது பாரு, கோவமே வரல!”

“எனக்கு வருது.”

“உனக்கு எதுக்குத்தான் வரல? மேலே இருக்கிறதை விடு. இறகை மட்டும் அப்படியே எடுத்து அவருக்குப் போடு.”

போட்டாள். வட்டம் உடனே விழுந்தது! அதோடு நிற்கவில்லை. மூன்று புள்ளிகள் தோன்றித் துள்ளின.

“எழுதுறாரு! எழுதுறாரு!”

“மூச்சு விடாதீங்க” என்றாள் அம்மா, மூச்சு விடாமல்.

புள்ளிகள் துள்ளின, நின்றன, மறுபடி துள்ளின. மறைந்துவிட்டன.

“என்னமோ சொல்ல வந்து முழுங்கிட்டாரு” என்றார் மாமா.

மறுநாள் சூரியகாந்தி இன்னும் உருகியது. ‘மௌனமும் ஒரு பதில்தான். அது என்ன பதில் என்று அறிந்தால் நன்றியோடிருப்பேன்.’ சுர்ரு அதையும் எடுத்து மேலாளருக்குப் போட்டாள். அம்மா மட்டும், “மௌனமும் ஒரு பதில்தான்னா போதாதா? மிச்சம் பிசிறு” என்றாள். யாரும் கேட்கவில்லை. வட்டம் விழுந்தது. புள்ளிகள் முன்பைவிட நீளமாகத் துள்ளின. ஒன்றும் வரவில்லை.

“வெறும் மெசேஜ் பத்தாது” என்று அடுத்த நாள் மாமா முடிவு கட்டினார். “அவரு எழுதுறதை நீ பாராட்டணும். உன் பேரு அவரு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். நீ குளிச்சுட்டு வா, நான் பாத்துக்கிறேன்.”

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மாமா மேலாளர் எழுதிய எல்லாவற்றுக்கும் கீழே பாராட்டி முடித்திருந்தார். பெருமையாகப் போனை நீட்டினார். சுர்ரு பார்த்தாள். அலுவலகத்து நாயின் படம். அதற்கு மேல், ‘எங்கள் வாசலைக் காத்த தோழன் இன்று எங்களை விட்டுப் பிரிந்தான்.’ அதற்குக் கீழ், சுர்ருவின் பெயரில், ‘அருமை சார்! மேன்மேலும் வளர்க!’

“மாமா! நாய் செத்துப்போச்சு மாமா!”

“நான் படத்தை மட்டும்தான்மா பார்த்தேன். நல்லா சிரிச்ச மாதிரி இருந்துச்சே.”

“படிக்கவே இல்லையா?”

“ஆப்பு நான் படிச்சேன்னு சொல்லிச்சா?”

சுர்ரு ஈரத் தலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் பட்டம் தொங்கியது. அதற்கு நேர் கீழே அவளுடைய கடைச் சீருடை தொங்கியது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

“மன்னிப்புக் கேளு. பணிவா” என்றாள் அம்மா.

பணிவு எங்கே கிடைக்கும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். காலையிலேயே வந்து கிடந்தது. ‘நான் தொல்லை தருவதாய்த் தோன்றினால் ஒரு சொல் போதும், நிழலாய் விலகிவிடுவேன். இதுவே என் கடைசி நினைவூட்டல்.’

அதை அனுப்பினாள். வட்டம் விழுந்தது. புள்ளிகள்கூட வரவில்லை.

அத்தனை நாளாக அடக்கிவைத்ததெல்லாம் அப்போது கிளம்பியது. யாரிடமாவது கொட்ட வேண்டும். மேலாளரிடம் கொட்ட முடியாது, அவரிடம் வேலை இருக்கிறது. கொட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாத ஒரே ஆள் சூரியகாந்திதான். அம்மா தடுப்பதற்குள் இரண்டு கட்டைவிரலும் பறந்தன.

‘ஒரு சொல் போதுமா? இந்தாங்க, வாங்கிக்கோங்க. படிச்சா பதில் போட்டே ஆகணுமா? உங்களுக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாதா? உங்க வாய்ப்பை நீங்களே வெச்சுக்கோங்க.’

சூரியகாந்தி வட்டமாக வந்து உட்கார்ந்தது.

“அப்பாடா” என்றாள் சுர்ரு. முகமே தெளிந்துவிட்டது. “நாளைக்கு நேர்லயே போறேன். வட்டமும் வேணாம், புள்ளியும் வேணாம்.”

மாமா பார்சல் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கினார். “டெலிவரின்னா இதுதான். நேரா கைக்கே” என்றார்.

வரவேற்பறையில் புது பெயின்ட் வாசனை. மேசைக்குப் பின்னால் அம்மா வயதில் ஒரு பெண், பருத்திப் புடவையில், கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் லேசாகச் சிவந்திருந்தது.

“ஆய்வக மேலாளரைப் பார்க்கணும். மெசேஜ் போட்டிருந்தேன்” என்று சுர்ரு தன் பட்டத்துப் பேரைச் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. “நீங்களா?” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “சார்! அவங்க நேர்லயே வந்துட்டாங்க சார்!”

கதவு பாதி திறந்தது. பழக்க தோஷத்தில் சுர்ரு முதலில் காலைத்தான் பார்த்தாள். ஒன்பதாம் நம்பர், குதிகால் தேய்ந்தது. அதற்கு மேலே வழுக்கை, கண்ணாடி. சிரிப்பு மட்டும் இல்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார், கடிக்கிற எதையோ பார்ப்பதுபோல.

“சார், நாய் விஷயம் நான் இல்ல சார், எங்க மாமா” என்று ஆரம்பித்தாள். இது பணிவு இல்லை என்று உடனே உறைத்தது. கையைக் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை எடுத்துவிட்டாள். “தங்கள் பணிச்சுமையின் நடுவே என் சிறு நினைவூட்டல்… என் சிறு நினைவூட்டல்…”

மிச்சம் வரவில்லை.

“ஓர் இறகாய் வந்து விழட்டும்” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் முடித்துவைத்தது.

சுர்ரு திரும்பினாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

“உங்க முதல் மெசேஜைப் படிச்ச அன்னைக்கே சார் ‘இந்தப் பொண்ணுக்குத்தான் வேலை, நீயே எழுதி வரச்சொல்லு’ன்னுட்டாரும்மா, நேத்து மானம் ரோஷம் இருக்கான்னு கேட்டீங்களே, அந்தச் சூரியகாந்தி நான்தான்.”